தீவுல நெட் ஸ்லோவா? கடைமடைலேர்ந்து மேல நடந்து பாருங்க: அறிகுறி வாரியா பிழை பாக்குற வழி

எங்க ஊரு தலைஞாயிறு பக்கம், காவேரி தண்ணி கடைசியா வந்து சேர்ற இடம். மேட்டூர் திறந்தாச்சுன்னு டிவில பூ தூவுறத காட்டுனா எங்களுக்கு அன்னைக்கு ஒன்னும் நடக்காது, அது கல்லணை வந்து பிரிஞ்சு ஆறு ஆறா வாய்க்கா வாய்க்காவா எங்க மடைக்கு வர்றதுக்குள்ள நாள் கணக்காயிடும், சில வருஷம் வரவே வராது. எங்க தாத்தா பொதுப்பணித்துறைல லஸ்கரா, அதாவது மதக திறந்து மூடி தண்ணிய பாத்துக்கற ஆளா இருந்தாரு. தண்ணி வரலன்னு யாராவது வந்து சத்தம் போட்டா மேட்டூர்ல எவ்ளோ திறந்தாங்கன்னு முதல்ல கேக்க மாட்டாரு. கடைசி வயல்லேர்ந்து கரையோடயே மேல நடப்பாரு, எந்த மதகு வரைக்கும் தண்ணி நிக்குது, எந்த மதகுக்கு கீழ காயுதுன்னு பாத்துகிட்டே போவாரு. அந்த ரெண்டுக்கும் நடுவுல வெங்காயத்தாமரை அடைச்சிருக்கும், இல்லன்னா எவனாவது மண்மூட்டை போட்டிருப்பான்.

நான் இப்ப அதே ஊர்ல மாடில உக்காந்து பசிபிக்ல ஒரு தீவு நாட்டு ஐஎஸ்பிக்கு, அதாவது நெட் கனெக்ஷன் குடுக்கற கம்பெனிக்கு, நெட்வொர்க் பாக்குறேன். அவங்க நமக்கு ஆறரை மணி நேரம் முன்னாடி. அங்க ராத்திரி 8 மணின்னா இங்க மதியம் ஒன்றரை, இலை போட்டு உக்கார்ற நேரத்துலதான் போன் வரும். நம்ம பக்கத்து பசங்க மாலத்தீவு, ஃபிஜி, பப்புவா நியூகினின்னு நெட்வொர்க் வேலைக்கு போறாங்க, போன முதல் மாசமே "எல்லாம் ஸ்லோவா இருக்கு"ன்னு ஒரு கம்ப்ளெய்ன்ட் கைக்கு வரும், மேனேஜர் உடனே பேண்ட்வித் (வெளி லைன்ல ஒரே நேரத்துல போகக்கூடிய அளவு) வாங்கலாம்னுவாரு. தீவுல ஐஎஸ்பிக்கு ஆகுற செலவுலயே பெரிய செலவு அதுதான். அத வாங்கறதுக்கு முன்னாடி கரையோட ஒரு தடவ நடந்து பாத்துடணும், அதுக்குத்தான் இத எழுதறேன்.

முதல்ல உங்க தண்ணி எந்த வழியா வருதுன்னு தெரியணும்

ஃபைபர்ல வெளிச்சம் செகண்டுக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும். அப்ப 1000 கிலோமீட்டர் கேபிளுக்கு போயிட்டு வர 10 மில்லிசெகண்ட், இத எந்த கம்பெனியாலயும் குறைக்க முடியாது. ஜியோ சாட்டிலைட் 35,786 கிலோமீட்டர் உசரத்துல நிக்குது, அதுல பிங், அதாவது ஒரு சின்ன பாக்கெட் (டேட்டா துண்டு) போயிட்டு வர்ற நேரம், 600 எம்எஸ் (மில்லிசெகண்ட்) பக்கம் வந்தா அது பிழை இல்ல, அதான் அதோட இயல்பு. ஓ3பி மாதிரி நடு உசர சாட்டிலைட் 8000 கிலோமீட்டர் சொச்சத்துல சுத்துது, அங்க 150 பக்கம் வரும். ஸ்டார்லிங்க் 550 கிலோமீட்டர் அளவுல இருக்கறதால தரை ஸ்டேஷன் பக்கத்துல இருந்தா 50க்கு கீழயே வரும்.

இந்த இயல்பு நம்பர நோட்டுல எழுதி வச்சுக்கோங்க. ஒவ்வொரு கம்ப்ளெய்ன்டுக்கும் முதல் கேள்வி, இப்ப வர்ற பிங் இயல்பு நம்பர்லேர்ந்து எவ்ளோ தூரம் தள்ளி இருக்குங்கறதுதான். 600 இருக்க வேண்டிய இடத்துல 620 வந்தா விட்டுடுங்க, 1400 வந்தா எங்கயோ வரிசைல பாக்கெட் நிக்குதுன்னு அர்த்தம்.

"லிங்க் 60 சதவீதம்தான் ஓடுது, ஆனா ஜனங்க எல்லாரும் ஸ்லோன்னு கத்துறாங்க"

சாட்டிலைட்ல ஓடுற தீவுல இது ரொம்ப சகஜம், ரொம்ப பேரு தப்பா புரிஞ்சிக்கற அறிகுறியும் இதான். அதனால இத கொஞ்சம் நிதானமா பாப்போம்.

நம்ம ஊர்ல மும்முனை கரண்ட் வந்த உடனே என்ன நடக்கும்னு யோசிச்சு பாருங்க. எல்லா போர்செட்லயும் ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டிருப்பாங்க, கரண்ட் வந்த அடுத்த நிமிஷம் அத்தன மோட்டாரும் ஒன்னா கிளம்பும், டிரான்ஸ்ஃபார்மர் தாங்காது, வோல்டேஜ் விழும், எல்லா மோட்டாரும் ஒன்னா நிக்கும். திரும்ப வோல்டேஜ் வரும், திரும்ப எல்லாம் ஒன்னா கிளம்பும். ஒரு மணி நேரத்துக்கு சராசரி எடுத்து பாத்தா டிரான்ஸ்ஃபார்மர் பாதி லோடுலதான் ஓடியிருக்கும், ஆனா எந்த வயலுக்கும் ஒழுங்கா தண்ணி பாஞ்சிருக்காது.

டேட்டாவ பாக்கெட் பாக்கெட்டா அனுப்பி, விழுந்தத திரும்ப அனுப்பற டிசிபிங்கற முறை அங்க அப்படித்தான் ஆடுது. அனுப்பற சர்வர் உலகத்துல எங்கயோ இருக்கு, சாட்டிலைட் வாசல்ல வரிசை நிரம்பிடுச்சுங்கற சேதி அதுக்கு போய் சேர அரை செகண்டுக்கு மேல ஆகுது, அதுக்குள்ள அது இன்னும் கொட்டிடும், பாக்கெட் விழுந்துடும். விழுந்தது எல்லாருக்கும் ஒரே நேரத்துல தெரிய வர்றதால எல்லாரும் ஒன்னா குறைச்சுக்குவாங்க, வரிசை காலியாகி லிங்க் சும்மா கிடக்கும், அப்பறம் எல்லாரும் ஒன்னா ஏத்துவாங்க. நியூசிலாந்து ஆக்லாந்து பல்கலைக்கழகத்துல உல்ரிச் ஸ்பைடல்னு ஒரு ஆராய்ச்சியாளர், குக் தீவுகள், நியுவே, துவாலு மாதிரி இடங்கள்ல இதைத்தான் அளந்து காட்டுனாரு. ஒரே லிங்க்ல ஒரு பக்கம் பாக்கெட் விழுது, இன்னொரு பக்கம் இடம் காலியா கிடக்குது.

இத கண்டுபிடிக்க 5 நிமிஷ சராசரி கிராஃப் உதவாது, அது மேடு பள்ளத்த எல்லாம் நிரவி 60ன்னு காட்டிடும். ஒரு செகண்டுக்கு ஒரு தடவ ரூட்டர்ல எவ்ளோ பைட் போச்சுன்னு கவுன்ட்டர் எடுங்க. கூடவே அந்தப்பக்கம் தரை ஸ்டேஷனுக்கு அப்பால ஒரு மெஷினுக்கு தொடர்ந்து பிங் விடுங்க. நான் முதல் தடவ இத பண்ணப்ப பிங் 590, 640, 810, 1100, அப்பறம் நாலு பாக்கெட் காணும், திரும்ப 590ன்னு வந்துச்சு, 10 நிமிஷமா அதே மாதிரி அலை அலையா. அந்த அலை தெரிஞ்சா நோய் இதான், வேற தேட வேண்டாம்.

வைத்தியம் பாக்கும்போது முதல்ல தரை ஸ்டேஷன் பக்கத்து வரிசை நீளத்த கேட்டு வாங்குங்க, அது உங்க கைல இருக்காது, சாட்டிலைட் விக்கிறவங்க கைல இருக்கும். ரொம்ப நீளமா இருந்தா பிங் ஏறும், ரொம்ப குட்டியா இருந்தா பாக்கெட் கொட்டும். அங்க எஃப்கியூ கோடெல்னு வரிசைய பிரிச்சு பாத்துக்கற முறை மாதிரி ஒன்ன வைக்க சம்மதிப்பாங்களான்னு கேளுங்க, அது பெரிய டவுன்லோடுக்கு பின்னாடி சின்ன பாக்கெட் நிக்காம பாத்துக்கும். டிசிபிய நடுவுல வெட்டி ஒட்டுற பெப்புன்னு ஒரு பெட்டி விப்பாங்க, அது பழைய டிசிபி ஓட்டத்துக்கு நல்லாவே வேலை செய்யும், ஆனா யூடியூப் மாதிரி க்விக்குங்கற புது முறைல வர்றதுக்குள்ள அதால கை வைக்க முடியாது, எல்லாம் என்கிரிப்ட் ஆகி வருது. பாதிக்கு மேல டிராஃபிக் க்விக்கா இருக்கற தீவுல பெப் பெட்டிக்கு பணம் கொட்டாதீங்க, முதல்ல உங்க டிராஃபிக்ல எவ்ளோ எதுன்னு எண்ணுங்க. தீவுல நீங்களே வச்சிருக்கற சர்வர்லேர்ந்து வெளிய அனுப்பறதுக்கு பிபிஆர்னு டிசிபி வேகத்த முடிவு பண்ற முறைய போடுங்க, அது ஒரு பாக்கெட் விழுந்துச்சுன்னு பயந்து பாதியா குறைக்காது.

"ஒரே ஒரு டவுன்லோடு மட்டும் 1 எம்பிபிஎஸ் தாண்ட மாட்டேங்குது"

கணக்கு சின்னது. விண்டோன்னா அந்தப்பக்கத்து பதில் வர்றதுக்கு முன்னாடி அனுப்பக்கூடிய அளவு. 64 கேபி விண்டோ, 600 எம்எஸ் போக வர. 65,535 பைட்ட பிட்டாக்கி 0.6ஆல வகுத்தா 0.87 எம்பிபிஎஸ். லிங்க் 100 இருந்தாலும் ஒரு ஓட்டத்துக்கு அவ்ளோதான். இத தாண்டத்தான் விண்டோவ பெருசாக்கற விண்டோ ஸ்கேலிங் 1992லயே வந்துச்சு, இப்ப எல்லா மெஷின்லயும் இருக்கு, அப்பறமும் இந்த நம்பர் வந்தா நடுவுல ஏதோ பழைய ஃபயர்வால் அந்த ஆப்ஷன பிச்சு போடுது. ரெண்டு முனைலயும் பாக்கெட் பிடிச்சு கனெக்ஷன ஆரம்பிக்கற முதல் சின் பாக்கெட்ட பாருங்க, இங்க இருக்கற ஆப்ஷன் அங்க இல்லன்னா நடுவுல இருக்கறவன்தான் திருடன்.

"ஸ்பீட் டெஸ்ட் 50 காட்டுது, வீடியோ சுத்திகிட்டே இருக்கு"

டெஸ்ட் எடுத்த சர்வர் தீவுக்குள்ளயே இருந்துருக்கும். அது உங்க வீட்டு வயர்லெஸ்ஸ மட்டும்தான் அளந்துருக்கு, கடல தாண்டவே இல்ல. சிட்னி, ஆக்லாந்து, சிங்கப்பூர்னு வெளிய ஒன்ன தேர்ந்தெடுத்து எடுக்கச் சொல்லுங்க. அங்க 4, இங்க 50ன்னா வீட்டு வயரிங்க விட்டுட்டு மேல நடங்க. ரெண்டும் 4ன்னா மேல போகவே வேண்டாம், வீட்டுக்குள்ளயோ டவர்லயோ பாருங்க. உப்பு காத்துல கனெக்டர் பூஞ்சை பிடிச்ச மாதிரி பச்சையா ஆகியிருக்கும், வேதாரண்யம் பக்கம் ஆன்டெனா மாட்டுனவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

"எதிர்த்தெரு பேங்க் சைட்டு திறக்க இவ்ளோ நேரமா?"

எனக்கு மனசு ஆறாத விஷயம் இது. நான் பாக்குற தீவுல ரெண்டு ஐஎஸ்பி. பேங்க் சர்வர் ரெண்டாவது ஐஎஸ்பில இருக்கு, எங்க ஆபீஸ்லேர்ந்து நடந்தா 5 நிமிஷம். எங்க கஸ்டமர் ஒருத்தர் லைன்லேர்ந்து, பாக்கெட் எந்தெந்த ரூட்டர் வழியா போகுதுன்னு காட்டுற டிரேஸ்ரூட் போட்டேன்: எங்க ரூட்டர் 3 எம்எஸ், அடுத்தது சிட்னி, அடுத்தது லாஸ் ஏஞ்சலஸ், அங்கேர்ந்து அவங்க அப்ஸ்ட்ரீம் (அவங்களுக்கு வெளி நெட் விக்கிற கம்பெனி) வழியா கடல தாண்டி திரும்ப தீவுக்கு, கடைசி வரில 320 எம்எஸ். மன்னார்குடி கீழவீதிலேர்ந்து மேலவீதிக்கு சாமான் அனுப்ப லாரி சென்னை போய் டெல்லி போய் வர்ற மாதிரி. அதுவும் போக ஒரு கட்டணம் வர ஒரு கட்டணம், ரெண்டு ஐஎஸ்பியும் அந்த ஒரே பைட்டுக்கு தனித்தனியா டாலர் கட்டுறாங்க.

இதுக்கு மருந்து ஐஎக்ஸ்பி, அதாவது உள்ளூர் ஐஎஸ்பிங்க நேரா சேர்ந்து டிராஃபிக் மாத்திக்கற இடம். ஒரு நல்ல சுவிட்ச், யூபிஎஸ் இருக்கற ஒரு ரூம், ரெண்டு பக்கமும் ஒரு பிஜிபி செஷன் (எந்த ஐபி யார்கிட்ட இருக்குன்னு ரூட்டர்ங்க சொல்லிக்கற பேச்சு), மூணு நாலு பேர் சேர்ந்தா அந்த வழிகள எல்லாருக்கும் சொல்ற ஒரு ரூட் (route) சர்வர், அது ஓட பேர்ட்னு இலவச சாஃப்ட்வேரே இருக்கு. இந்தியாவுல நிக்ஸிங்கற ஐஎக்ஸ்பி 2003ல வந்ததும் இதே காரணத்துக்குத்தான், நம்ம நாட்டுக்குள்ள போற டிராஃபிக் அமெரிக்கா போயிட்டு வந்துகிட்டு இருந்துச்சு. பசிபிக்ல வனுவாட்டு 2013ல போட்டுட்டாங்க, ஃபிஜி 2017ல. சாமான் செலவு ஒரு ஜீப் விலை கூட ஆகாது, கஷ்டமெல்லாம் மனுஷங்ககிட்டதான். பெரிய ஐஎஸ்பி "எங்கிட்ட நிறைய கஸ்டமர் இருக்காங்க, சின்னவனோட நான் ஏன் சமமா சேரணும்"னு நிப்பான். அவன்கிட்ட நியாயம் பேசாம வெளி நெட்டுக்கு அவன் கட்டுற டிரான்சிட் பில்ல எடுத்து வச்சு அதுல எவ்ளோ லோக்கல் டிராஃபிக்னு காட்டுங்க. சுவிட்ச எந்த ஐஎஸ்பி கட்டடத்துலயும் வைக்காதீங்க, பல்கலைக்கழகமோ அரசாங்க டேட்டா சென்டரோ பொதுவான இடமா இருக்கட்டும், மதகு சாவிய ஒரு பங்காளி வீட்ல வச்சா அடுத்த வருஷம் வயக்காட்டுல சண்டைதான்.

ஐஎக்ஸ்பி போட்டதுக்கு அப்பறமும் டிராஃபிக் வெளியவே போகும், நிறைய பேரு இங்கதான் மாட்டுவாங்க. எங்களுக்கும் ஆச்சு. செஷன் மேல இருக்கு, ரூட் தெரியுது, அந்த வழிக்கு லோக்கல் பிரிஃபரன்ஸ் (முன்னுரிமை) ஏத்தி வச்சிருக்கேன், டிரேஸ்ரூட் மட்டும் சிட்னி போகுது. அந்தப்பக்கம் என்ன பண்ணிருந்தாங்கன்னா ஐஎக்ஸ்பிக்கு தங்களோட /22 ஐபி பிளாக்க முழுசா அறிவிச்சிருக்காங்க, அப்ஸ்ட்ரீமுக்கு அதையே நாலு சின்ன /24 பிளாக்கா பிரிச்சு அறிவிச்சிருக்காங்க. ரூட்டர் எப்பவும் குறுகலான அறிவிப்பத்தான் நம்பும், லோக்கல் பிரிஃபரன்ஸ் எவ்ளோ ஏத்துனாலும் /24 முன்னாடி /22 நிக்காது. அவங்ககிட்ட பேசி அதே /24கள ஐஎக்ஸ்பிலயும் அறிவிக்க வச்சோம், அன்னைக்கு சாயங்காலமே 320 எம்எஸ் 4 ஆச்சு. அந்த 4ங்கற நம்பர பாத்தப்ப எனக்கு வாய்க்கால்ல முதல் தண்ணி நுரை தள்ளிகிட்டு வர்றத பாத்த மாதிரி இருந்துச்சு.

ரெண்டு திசையும் பாக்கணும். நம்மகிட்டேர்ந்து போறது நேரா போயிட்டு அங்கேர்ந்து வர்றது சுத்தி வந்தாலும் பிங் அதே 160, 200ன்னு நிக்கும். அந்தப்பக்கத்து ஆளையும் டிரேஸ்ரூட் போடச் சொல்லுங்க. அதோட பேங்க் சைட்டு நிஜமாவே தீவுலதான் இருக்கான்னு ஐபிய பாருங்க, சிட்னி கிளவுட்ல வச்சிருந்தா ஐஎக்ஸ்பியால ஒன்னும் பண்ண முடியாது.

"ராத்திரி 8லேர்ந்து 11 மட்டும்"

நேரம் பாத்து வர்ற பிழை எல்லாம் நெரிசல்தான். முதல்ல அந்த நேரத்துல எது எவ்ளோ போகுதுன்னு நெட்ஃப்ளோ (ரூட்டர் தர்ற டிராஃபிக் கணக்கு) எடுங்க. பெரும்பாலும் வீடியோ, போன் அப்டேட், விண்டோஸ் அப்டேட், அவ்ளோதான் வரும். கூகுள், நெட்ஃப்ளிக்ஸ், மெட்டா எல்லாம் ஐஎஸ்பிக்குள்ளயே வைக்க, அடிக்கடி கேக்கறத சேமிச்சு குடுக்கற கேஷ் பெட்டி தர்றாங்க, ஆனா குறைஞ்சபட்சம் இவ்ளோ டிராஃபிக் இருக்கணும்னு கேப்பாங்க, 10 ஆயிரம் 20 ஆயிரம் பேர் இருக்கற தீவு தனியா அத தொடாது. அதுக்குத்தான் ஐஎக்ஸ்பில எல்லாரும் சேர்ந்து ஒரு பெட்டி கேளுங்க. வந்த பெட்டி தன்ன நிரப்பிக்கற நேரத்த அங்க விடியக்காலம் 2லேர்ந்து 6க்குள்ள வைங்க, சாயங்காலம் நிரப்ப விட்டா பெட்டியே நெரிசல் ஆகிடும்.

அடுத்தது வரிசை. ஒருத்தன் போட்டோ அப்லோடு பண்ணும்போது வீட்டுல மத்தவங்க வாட்ஸ்அப் கால் வெட்டுதுன்னா அவங்க ரூட்டர்ல வரிசை வீங்கிப்போச்சு. லிங்க் வேகத்துல 95 சதவீதத்துக்கு ஷேப்பர் (வேகத்துக்கு கட்டு) போட்டு எஃப்கியூ கோடெலோ அதே மாதிரி கேக்குங்கற முறையோ வைங்க. அந்த 5 சதவீதத்த விட மனசு வராது எல்லாருக்கும், விடுங்க, அதுக்கு பதிலா எல்லாரோட காலும் நிக்காம போகும். ஷேப்பர் போட்டதுக்கு அப்பறமும் அந்த மூணு மணி நேரம் லிங்க் முட்டியே நிக்குதுன்னா, கேஷும் இருந்தும் அப்படின்னா, அப்பதான் பேண்ட்வித் வாங்குங்கன்னு மேனேஜர்கிட்ட தைரியமா சொல்லுங்க, அது நியாயமான செலவு.

"கேஷ் பெட்டி இருக்கு, சில பேருக்கு மட்டும் வெளிலேர்ந்தே வருது"

அந்த சில பேரு யாரு? ஐபிய பாருங்க. புதுசா வாங்குன ஐபி பிளாக்கா இருந்தா பெட்டிக்கு நீங்க பிஜிபில சொல்ற லிஸ்ட்ல அது சேர்ந்துருக்காது, பெட்டி அவங்கள உங்க ஆளுன்னே நினைக்கல. இன்னொன்னு சைட்டு பேர ஐபியா மாத்துற டிஎன்எஸ், கஸ்டமர் ரூட்டர்ல யாரோ வெளிநாட்டு டிஎன்எஸ் போட்டு விட்டுருப்பாங்க, சில சிடிஎன் (கேஷ் பெட்டிங்கள ஊரூரா வச்சு நடத்தறவங்க) கேக்குறவன் எங்கேர்ந்து கேக்குறான்னு ரிசால்வர (டிஎன்எஸ் பதில தேடித்தர்ற சர்வர்) வச்சுத்தான் முடிவு பண்ணுது, அதனால சிட்னில இருக்கற பதில குடுத்துடும். தீவுக்குள்ள உங்க சொந்த ரிசால்வர் ரெண்டு ஓடணும், அதோட ஐபியும் அந்த லிஸ்ட்ல இருக்கணும். ரெண்டு, ஒன்னு இல்ல.

"கூகுள் திறக்குது, சில சைட்டு பாதில நிக்குது, பிங் மட்டும் சூப்பர்"

எம்டியு, அதாவது ஒரு பாக்கெட் இருக்கக்கூடிய அதிகபட்ச அளவு. வேற யோசிக்காதீங்க. பாக்கெட்ட பிரிக்காதேன்னு சொல்ற டிஎஃப் பிட் போட்டு 1472 பைட் பிங் விடுங்க, ஹெட்டர் 28 சேர்ந்து 1500. போகலன்னா குறைச்சுகிட்டே வாங்க, 1464ல போச்சுன்னா பிபிபிஓஇ, 1448ல போச்சுன்னா நடுவுல ஜிஆர்இ டனல், ரெண்டும் பாக்கெட்டுக்கு மேல இன்னொரு உறை போட்டு அனுப்பற முறை. யாரோ ஒருத்தர் செக்யூரிட்டின்னு ஐசிஎம்பில (பிங்கும் பிழை சேதியும் போற முறை) பிங்க மட்டும் விட்டுட்டு மத்தத அடைச்சு வச்சிருப்பாரு, பாக்கெட் பெருசுன்னு சொல்ற சேதி அனுப்பறவனுக்கு போகவே போகாது. ஐசிஎம்பிய திறங்க, அதுவரைக்கும் டனல் வாசல்ல எம்எஸ்எஸ்ஸ (ஒரு பாக்கெட்ல டிசிபி போடற டேட்டா அளவு) 1436க்கு இறுக்குங்க.

டிரேஸ்ரூட்ட தொடர்ந்து ஓட்டுற எம்டிஆர்ல நடு ஹாப்ல (வழில இருக்கற ரூட்டர்) 70 சதவீதம் லாஸ் காட்டி கடைசி ஹாப்ல 0 காட்டுனா அது பிழையே இல்ல, அந்த ரூட்டர் பதில் சொல்றத குறைச்சுகிட்டிருக்கு, அவ்ளோதான். இத ஸ்கிரீன்ஷாட் எடுத்து அப்ஸ்ட்ரீமுக்கு அனுப்பி ஒரு வாரம் வீணாக்காதீங்க.

"மழை வந்தா ஸ்லோ" / "மதியம் 10 நிமிஷம் சுத்தமா போயிடுது"

டிடிஎச் வச்சிருக்கற வீட்ல இது ரெண்டும் தெரியும், மழைல படம் கட்டம் கட்டமா உடையும். கேயு, கேஏன்னு சொல்ற உயர் அலைவரிசைல அடிமழை சிக்னல தின்னும், அதுக்கு கீழ இருக்கற சி பேண்ட் ரொம்ப தாங்கும். இப்ப வர்ற மோடம் மழை வந்தா லிங்க விடாம கோடிங்க மாத்தி வேகத்த மட்டும் குறைச்சுக்கும், இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. நீங்க வெயில் நேரத்து வேகத்துக்கு ஷேப்பர் போட்டு வச்சிருப்பீங்க, மழைல லிங்க் பாதியானதும் வரிசை உங்க கட்டுப்பாட்டுலேர்ந்து மோடத்துக்குள்ள போயிடும், பிங் 2000 தாண்டும். மோடம்லேர்ந்து இப்போதைய வேகத்த படிச்சு ஷேப்பர மாத்துற மாதிரி சின்ன ஸ்கிரிப்ட் எழுதி வைங்க.

தினம் ஒரே நேரத்துல சில நிமிஷம் போயி ஒரு வாரம் பத்து நாள்ல தானா சரியாச்சுன்னா சூரியன் சாட்டிலைட்டுக்கு நேர் பின்னாடி வருது. நம்ம பக்கம் மார்ச் 20க்கு முன்னாடியும் செப்டம்பர் 22க்கு அப்பறமும் வரும், பூமத்திய ரேகைக்கு தெக்க இருக்கற தீவுல மார்ச் 20க்கு அப்பறமும் செப்டம்பர் 22க்கு முன்னாடியும் வரும். சாட்டிலைட்காரங்ககிட்ட தேதி நேரத்தோட அட்டவணை இருக்கும், வாங்கி ஆஸ்பத்திரிக்கும் பேங்குக்கும் முன்கூட்டியே சொல்லிடுங்க.

"எல்லாமே போச்சு"

கேபிள் அறுந்துருக்கும். டோங்காவுக்கு 2013லதான் ஃபிஜிலேர்ந்து 827 கிலோமீட்டர் கேபிள் வந்துச்சு, ஒத்த கேபிள். 2019 ஜனவரில அது அறுந்து கிட்டத்தட்ட ரெண்டு வாரம் நாடே சாட்டிலைட்ல தொங்குச்சு. 2022 ஜனவரி 15 கடலுக்கடி எரிமலை வெடிச்சு திரும்ப அறுந்துச்சு, பிப்ரவரி 22தான் லைன் வந்துச்சு. ரிப்பேர் கப்பல் போர்ட் மோர்ஸ்பிலேர்ந்து கிளம்பி வரணும். கஜா புயல் 2018 நவம்பர் 16 எங்க கடற்கரைல ஏறுனப்ப டவரெல்லாம் சாஞ்சு போன் இல்லாம கிடந்தோம், எங்க சித்தி பையன் சிங்கப்பூர்ல இருந்து யாரு உயிரோட இருக்கான்னு தெரியாம துடிச்சான். அந்த நாள நினைச்சுகிட்டுத்தான் நான் இந்த பகுதிய எழுதறேன்.

நம்ம பக்கமும் கேபிள் தீவுக்கு போயிருக்கு, சென்னைலேர்ந்து அந்தமான் நிக்கோபாருக்கு 2020 ஆகஸ்ட்ல சுமார் 2300 கிலோமீட்டர், கொச்சிலேர்ந்து லட்சத்தீவுக்கு 2024 ஜனவரில. கேபிள் வந்துச்சுன்னு சாட்டிலைட் டிஷ்ஷ பிரிச்சு பழைய இரும்புக்கு போட்டுடாதீங்க. மாசம் ஒரு தடவ அதுல டிராஃபிக் விட்டு பாருங்க.

அறுந்த அன்னைக்கு வேலை செய்ய முன்னாடியே எழுதி வைக்க வேண்டிய பாலிசி ஒன்னு இருக்கு. சாட்டிலைட்ல கிடைக்கறது கேபிள்ல ஒரு சின்ன பங்குதான், அதுல ஆஸ்பத்திரி, பேரிடர் ஆபீஸ், பணம் அனுப்பறது, மெசேஜ் முதல்ல, வீடியோவும் அப்டேட்டும் சுத்தமா அடைப்பு. இத அறுந்தப்பறம் உக்காந்து பேசுனா ரெண்டு நாள் போயிடும்.

அதவிட முக்கியமா, வெளிய லைன் போனாலும் தீவுக்குள்ள தீவு ஓடணும். நாட்டோட டொமைன் சர்வர் ஒன்னு உள்ளயே இருக்கணும், டிஎன்எஸ்க்கு உச்சில இருக்கற ரூட் (root) சர்வரோட நகல் ஒன்னு இருக்கணும், பசிபிக் பக்கம் அத வைக்க ஏப்நிக் (ஆசிய பசிபிக்ல ஐபி ஒதுக்கற அமைப்பு) உதவி பண்றாங்க. உள்ள இருக்கற டொமைன் சர்வர் நகலோட எக்ஸ்பயரி நேரத்த, அதாவது மெயின் சர்வர் கிடைக்காம எவ்ளோ நாள் அது செல்லும்ங்கறத, பாருங்க. மெயின் சர்வர் வெளிநாட்டுல இருந்து எக்ஸ்பயரி 7 நாள்னு வச்சிருந்தா கேபிள் அறுந்த 8ஆவது நாள் உள்ள இருக்கற நகலே தன்ன செல்லாதுன்னு சொல்லிடும், எதிர்த்தெரு பேங்க் பேரு கூட யாருக்கும் தெரியாது. டோங்காவுக்கு 5 வாரத்துக்கு மேல ஆச்சுங்கறத மனசுல வச்சுகிட்டு எக்ஸ்பயரி போடுங்க, முடிஞ்சா மெயின் சர்வரையே உள்ள கொண்டு வாங்க.

இத எல்லாம் பேப்பர்ல நம்பாதீங்க, அறுத்து பாருங்க. நாங்க போன மாசம் முதலாளி சம்மதத்தோட அங்க விடியக்காலம் 3 மணிக்கு, இங்க ராத்திரி எட்டரை, 20 நிமிஷம் வெளி செஷன் எல்லாத்தையும் இறக்குனோம். பேங்க் திறந்துச்சு. மெயில் போச்சு. ஆஸ்பத்திரியோட அப்பாயின்ட்மென்ட் பக்கம் வெள்ளையா நின்னுச்சு, சர்வர் உள்ளதான் இருக்கு, பிங் 2 எம்எஸ், ஆனா பக்கம் வரல. பாத்தா எழுத்துருவும் ரெண்டு ஸ்கிரிப்டும் வெளிநாட்டு சர்வர்லேர்ந்து எடுக்கற மாதிரி எழுதியிருக்காங்க, அது வர்ற வரைக்கும் பிரவுசர் காத்துகிட்டே இருக்கு. அந்த மூணு ஃபைல அவங்க சர்வர்லயே காப்பி பண்ணி வைக்க ஒரு மணி நேரம் கூட ஆகல. அடுத்த அறுப்பு தேதி குறிச்சாச்சு, இந்த தடவ 2 மணி நேரம், மொபைல் பேமென்ட்ட பாக்கப்போறோம்.